இலவச மென்பொருளுக்கு கம்பெனிகள் ஏன் காசு கொடுக்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முப்பரிமாணப் படம் செய்யும் பிளெண்டர், ஆபீஸ் வேலைக்கான லிப்ரேஆபிஸ், லினக்ஸ் கணினியின் திரையை நடத்தும் கேடிஈ, ஜினோம் என்று நம் மேசையிலும் மடியிலும் ஓடும், நிரலை யாரும் பார்த்து மாற்றக்கூடிய திறந்த மூல மென்பொருள்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே காசுக் கேள்வி பின்னாலேயே வந்துவிடும். சர்வர் பக்கம் கதை வேறு. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குப் பணம் போட அங்கே பெரிய பெரிய ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். டெஸ்க்டாப்புக்கு அந்தக் கொடுப்பினை இல்லை என்பதால் இங்கே டெஸ்க்டாப்பைப் பற்றி மட்டும்.

இதெல்லாம் ஆர்வத்தில் ராத்திரி உட்கார்ந்து எழுதுவதுதானே? கம்பெனி எங்கே வந்தது?

பாதி சரி. 2010-ல் டேவ் நியரி என்பவர் ஜினோம் டெஸ்க்டாப்பை யார் எழுதுகிறார்கள் என்று ஒரு கணக்கெடுப்பு நடத்தினார். பங்களித்தவர்களில் 70 சதவீதத்துக்கு மேல் தங்களைத் தன்னார்வலர்கள் என்றே சொன்னார்கள். ஆனால் உள்ளே வந்த கமிட்களை (நிரலில் ஏற்றப்பட்ட மாற்றங்களை) எண்ணிப் பார்த்தால் அதிலும் 70 சதவீதத்துக்கு மேல் சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதியவர்களுடையது. தலைகளை எண்ணினால் ஒரு படம், வேலையை எண்ணினால் நேர் எதிரான படம். லினக்ஸ் விற்கும் கம்பெனிகளில் ரெட் ஹேட் மட்டும் சுமார் 16 சதவீதம், நாவெல் 10 சதவீதம். அப்போது லினக்ஸ் என்றாலே எல்லோர் வாயிலும் இருந்த உபுண்டுவின் கம்பெனியான கனோனிக்கல் 1 சதவீதம்தான், அதை வைத்து அன்றைக்கு நடந்த சண்டை கொஞ்சநஞ்சமில்லை.

காரணம் எளிது. ஒரு புது வசதியை வார இறுதியில் உட்கார்ந்து எழுதிவிடலாம், அதில் ஒரு சந்தோஷமும் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு தவறாமல் கொண்டுவருவது, பழைய கிராஃபிக்ஸ் டிரைவரில் மட்டும் வருகிற பக் ஒன்றைத் துரத்துவது, அடுத்தவர் அனுப்பிய பேட்சை, அதாவது திருத்த நிரலைப் பொறுமையாகப் படித்துத் திருத்தச் சொல்வது, பாதுகாப்பு ஓட்டை வெளியானால் அன்றைக்கே எழுந்து உட்காருவது, இதையெல்லாம் வருஷக்கணக்கில் சும்மா செய்ய யாருக்கும் முடியாது.

சரி, அவர்களுக்கு இதில் என்ன லாபம்? யாரும் சும்மா கொடுக்க மாட்டார்களே?

கொடுக்கவும் இல்லை. பிளெண்டரைப் பாருங்கள், இந்த விஷயத்தில் இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

பிளெண்டர் முதலில் நெதர்லாந்தில் ஒரு கம்பெனியின் சொத்து. அந்தக் கம்பெனி 2002-ல் மூடப்பட்டது. அதை உருவாக்கிய டோன் ரூசண்டால் முதலீட்டாளர்களிடம் பேசி, 1,00,000 யூரோ கொடுத்தால் மூலநிரலை விடுவிக்கலாம் என்று ஒப்புக்கொள்ள வைத்தார். பயன்படுத்துகிறவர்களிடம் கையேந்தி ஏழே வாரத்தில் அந்தப் பணம் சேர்ந்தது, அதே வருஷம் அக்டோபரில் நிரல், யாரும் பயன்படுத்தலாம், மாற்றிப் பகிரலாம் என்ற ஜிபிஎல் உரிமத்தில் வெளியே வந்தது. அதற்குப் பிறகு பல வருஷங்கள் சின்ன அளவில்தான் ஓட்டம்.

2019-ல் காற்று மாறியது. எபிக் கேம்ஸ் மூன்று வருஷத்துக்கு 12 லட்சம் டாலர் என்று அறிவித்தது. தொடர்ந்து யூபிசாஃப்ட், என்விடியா, ஏஎம்டி, பிறகு மைக்ரோசாஃப்ட், ஃபேஸ்புக், 2021 அக்டோபரில் ஆப்பிள் என்று வந்துகொண்டே இருந்தார்கள். மேல்மட்ட ஸ்பான்சர் என்றால் அப்போது வருஷத்துக்குக் குறைந்தது 1,20,000 யூரோ.

இவர்களுக்கு என்ன வேண்டும்? என்விடியாவுக்கும் ஏஎம்டிக்கும் பிளெண்டர் அவர்களுடைய கிராஃபிக்ஸ் கார்டில் வேகமாக ஓட வேண்டும், ஏனென்றால் கார்டு வாங்குகிறவன் பிளெண்டரில் ஒரு காட்சி ரெண்டர் ஆகும் (படமாக வரையப்படும்) நேரத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறான். ஆப்பிளுக்கும் அதேதான், சேர்ந்த சில மாதத்தில் 2022 மார்ச்சில் வந்த பிளெண்டர் 3.1-ல் மேக்கின் கிராஃபிக்ஸ் தொழில்நுட்பமான மெட்டல் வழியாக ரெண்டர் செய்யும் வசதி வந்துவிட்டது. அந்த நிரலை எழுதியதில் ஆப்பிளின் ஆட்களே இருந்தார்கள். விளையாட்டு எழுதும் கம்பெனிகளுக்கோ வேறு கணக்கு. முப்பரிமாண மென்பொருள் விற்கும் ஆட்டோடெஸ்க் மாதிரி ஒரே கடையை நம்பி, வருஷா வருஷம் ஏறும் சந்தாவைக் கட்டிக்கொண்டு இருப்பதற்கு ஒரு மாற்று உயிரோடு இருக்க வேண்டும்.

ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வ் கதையும் இதே மாதிரிதான். 2022 பிப்ரவரியில் வந்த ஸ்டீம் டெக் என்ற அவர்களுடைய கையடக்க விளையாட்டுக் கருவியில் டெஸ்க்டாப் பயன்முறைக்குப் போனால் வருவது கேடிஈயின் டெஸ்க்டாப்பான பிளாஸ்மா. கையடக்கக் கருவி விற்கிறவர்கள், மைக்ரோசாஃப்டுக்குக் கப்பம் கட்டாமல் இருக்க ஒரு டெஸ்க்டாப் வேண்டும் என்று, ப்ளூ சிஸ்டம்ஸ் என்ற ஜெர்மன் நிறுவனம் வழியாக கேடிஈ நிரலாளர்களுக்கு வேலை கொடுத்தார்கள். அதனால் திரையைக் கையாளும் பகுதியில் நடந்த முன்னேற்றம் ஸ்டீம் டெக்கைக் கண்ணால் பார்க்காதவர்களின் பழைய லேப்டாப்பிலும் வந்து சேர்ந்தது. எனக்கு இதில் எந்த ஆட்சேபணையும் இல்லை. கம்பெனிக்குத் தேவை இருக்கும்வரைதான் பணம் வரும், அந்தத் தேவை என்னவென்று வெளிப்படையாகத் தெரிந்தால் அதற்குத் தகுந்தபடி திட்டமிடலாம். நல்லெண்ணத்தில் கொடுக்கிறேன் என்று வருகிற கம்பெனிதான் எனக்குப் பயம், அந்த நல்லெண்ணம் எந்தக் காலாண்டில் தீரும் என்று யாருக்குத் தெரியும்?

ஸ்பான்சர் என்றால் செக் எழுதிக் கொடுத்துவிடுவார்களா?

அது இருப்பதிலேயே சின்ன வகை. பெரிய பணம், நிரலாளரைத் தானே வேலைக்கு எடுத்துக்கொண்டு "நீ இதிலேயே வேலை பார்" என்று விடுவதில் இருக்கிறது. ரெட் ஹேட் ஜினோமுக்குச் செய்வது அதுதான். எந்த அறக்கட்டளையின் வரவு செலவிலும் இது தெரியாது. "ஜினோம் அறக்கட்டளைக்கு ரெட் ஹேட் எவ்வளவு கொடுக்கிறது" என்று கணக்குப் பார்த்து, அவ்வளவுதானா என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் தப்பான பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்று, கொலாபரா, இகாலியா, கேடிஏபி மாதிரி ஆலோசனை நிறுவனங்களிடம் குறிப்பிட்ட வேலையை ஒப்பந்தமாகக் கொடுப்பது. வால்வ் மாதிரி கம்பெனிகளுக்கு இது வசதி. தானே ஆள் எடுத்து, அவருக்குச் சமூகத்தில் பேர் வாங்கிக்கொடுத்து, அப்புறம் வேலை வாங்குவதைவிட, ஏற்கெனவே உள்ளே இருக்கிற ஆளையே பிடித்துவிடலாம்.

அறக்கட்டளைக்கு வருஷச் சந்தா கட்டுவது மூன்றாவது வகை. பெர்லினில் இருக்கும் கேடிஈ சங்கத்துக்கு கூகுள், சூசே, கனோனிக்கல், கேடிஈ எழுதப் பயன்படும் க்யூட்டி என்ற நிரல் நூலகத்தை விற்கும் க்யூட்டி கம்பெனி ஆகியவையும், லினக்ஸ் லேப்டாப் விற்கும் டக்ஸிடோ, ஸ்லிம்புக் மாதிரி சின்னக் கடைகளும் இப்படிக் கட்டியிருக்கின்றன. இந்தப் பணம் மாநாடு, பயணச் செலவு, சர்வர், ஓரிரு ஊழியர் சம்பளம் என்று போகும். 2005-லிருந்து கூகுள் நடத்தும் கோடைக்காலத் திட்டம் மாணவர்களுக்கும், 2022-லிருந்து மற்ற புதியவர்களுக்கும் நேரடியாகக் காசு கொடுக்கிறது, நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் உள்ளே நுழைந்த வாசல் அது.

அரசுப் பணமும் உண்டு. ஜெர்மனியின் சாவரின் டெக் ஃபண்ட் 2023-ல் ஜினோமுக்கு 10 லட்சம் யூரோ ஒதுக்கியது. கம்பெனிகள் கண்டுகொள்ளாத வேலைகளுக்கு என்றே கொடுத்தார்கள் என்பதால் இதைப் பற்றிக் கீழே இன்னொரு முறை வரும்.

அப்படியானால் காசு கொடுப்பவன் சொல்வதுதான் சட்டமா?

நேரடியாக இல்லை. கேடிஈ சங்கம் தொழில்நுட்ப முடிவுகளில் தலையிடாது, எவ்வளவு கொடுத்தாலும் "இந்தப் பட்டனை இடது பக்கம் வை" என்று உத்தரவு போட முடியாது. ஜினோம் அறக்கட்டளையின் விதிப்படி நிர்வாகக் குழுவில் 40 சதவீத இடத்துக்கு மேல் ஒரே கம்பெனியைச் சேர்ந்தவர்கள் உட்கார முடியாது.

மறைமுகமாக? கண்டிப்பாக உண்டு. யாருக்கு முழு நேரம் இருக்கிறதோ அவர்தான் எல்லா விவாதத்துக்கும் பதில் எழுதுவார், அவர் எழுதிய நிரல்தான் முதலில் உள்ளே போகும். இதில் சதி எதுவும் தேவையில்லை, நேரம் இருப்பவன் ஜெயிக்கிறான், அவ்வளவுதான்.

இதைவிட முக்கியமாக எனக்குப் படுவது, யாரும் காசு கொடுக்காத வேலைக்கு என்ன ஆகிறது என்பது. பார்வையற்றவர்கள் கணினியைப் பயன்படுத்தத் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஓர்கா என்ற மென்பொருள் ஜினோமில் இருக்கிறது. அதை சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வளர்த்தது. அமெரிக்க அரசுக்கு விற்கும் பொருள் மாற்றுத்திறனாளிகளுக்கும் பயன்பட வேண்டும் என்ற சட்டம் இருப்பதால் சன்னுக்கு அதில் வியாபாரக் காரணமும் இருந்தது. 2010-ல் ஆரக்கிள் சன்னை வாங்கியது, அந்தக் குழுவில் இருந்தவர்களை வீட்டுக்கு அனுப்பியது. அதற்குப் பிறகு ஓர்கா பெரும்பாலும் ஒருவர் தோளில்தான் நின்றது, பின்னாளில் அவருக்கு இகாலியா சம்பளம் கொடுத்தது. திரையில் ஜன்னல்களைக் காட்டும் டெஸ்க்டாப்பின் அடித்தளம் எக்ஸ்11 என்ற பழையதிலிருந்து வேலண்ட் என்ற புதியதற்கு மாறியபோது இந்தப் பகுதி பின்தங்கிப்போனதில் ஆச்சரியம் இல்லை. ஜெர்மன் அரசுப் பணத்தின் ஒரு பகுதி இதைப் புதிதாகக் கட்டுவதற்குத்தான் போனது. ஸ்பான்சர்கள் பட்டியல் எவ்வளவு நீளம் என்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள், அதில் உள்ள யாருக்கும் தேவைப்படாத மூலை எது என்று தேடுங்கள்.

கம்பெனி ஒருநாள் கைவிட்டுவிட்டால்?

கைவிடும். இது நடக்குமா என்று கேட்க வேண்டியதில்லை, வரலாறு முழுக்க இதுதான்.

ஜினோமின் கோப்பு மேலாளரை எழுதிய ஈசல் என்ற கம்பெனி ஒரு கோடி டாலருக்கு மேல் செலவழித்துவிட்டு 2001 மே மாதம் கடையை மூடியது. நாட்டிலஸ் என்ற அந்தக் கோப்பு மேலாளர் இன்றும் இருக்கிறது, நீங்கள் உபுண்டுவில் கோப்புறையைத் திறந்தால் வருவது அதன் வாரிசுதான். நோக்கியா தன் போன்களுக்காக ஜினோம் நிற்கும் ஜிடிகே நூலகத்தின் பக்கமும் செலவழித்தது, 2008-ல் க்யூட்டியை உருவாக்கிய ட்ரோல்டெக்கையே வாங்கியது. 2011 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் பக்கம் சாய்ந்ததும் எல்லாம் நின்றது. 2012-ல், கேடிஈயோடு வரும் உபுண்டுவான குபுண்டுவுக்குச் சம்பளம் கொடுப்பதை கனோனிக்கல் நிறுத்தியபோது ப்ளூ சிஸ்டம்ஸ் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. அதே கனோனிக்கல் 2017 ஏப்ரலில் தன் சொந்த யூனிட்டி டெஸ்க்டாப்பையும் போன் கனவையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு ஜினோமுக்குத் திரும்பியது, போன் பக்கத்தை யூபிபோர்ட்ஸ் என்ற தன்னார்வக் குழு எடுத்துக்கொண்டது. ரெட் ஹேட்டும் 2023-ல் ஆட்குறைப்பு செய்தது, அதே வருஷம் லிப்ரேஆபிஸைத் தன் லினக்ஸுக்காகப் பொதியாக்கித் தரும் வேலையை விட்டுவிடுவதாகவும் அறிவித்தது. ஆட்களை வேலண்ட், எச்டிஆர் (திரையில் கூடுதல் ஒளி, நிறம் காட்டும் வசதி) வேலைகளுக்கு மாற்றுகிறோம் என்று சொன்னார்கள்.

இந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்தது லிப்ரேஆபிஸுக்கு முந்தைய ஓபன்ஆபிஸின் கதை, ஏனென்றால் அங்கே சமூகம் காத்துக்கொண்டு இருக்கவில்லை. அதன் மூலநிரலை முதலில் எழுதிய ஸ்டார் டிவிஷன் என்ற ஜெர்மன் கம்பெனியை 1999-ல் சன் வாங்கியது, அடுத்த வருஷம் நிரலைத் திறந்துவிட்டது. பத்து வருஷம் சன் கையில் இருந்து, 2010-ல் ஆரக்கிள் கைக்குப் போனது. ஆரக்கிள் என்ன செய்யும் என்று எல்லோருக்கும் ஓர் ஊகம் இருந்தது. 2010 செப்டம்பர் 28-ம் தேதி முக்கியப் பங்களிப்பாளர்கள் பலர் சேர்ந்து டாக்குமென்ட் ஃபவுண்டேஷனை அறிவித்து, லிப்ரேஆபிஸ் என்று பிரிந்து வந்தார்கள். ஓபன்ஆபிஸ் என்ற பெயரைக் கொடுங்கள் என்று கேட்டதற்கு ஆரக்கிள் தந்த பதில், பிரிந்துபோனவர்களை ஓபன்ஆபிஸ் குழுவிலிருந்து வெளியேறச் சொன்னதுதான். அடுத்த வருஷமே ஆரக்கிள் ஓபன்ஆபிஸை அப்பாச்சி அறக்கட்டளையிடம் தள்ளிவிட்டது. உபுண்டு மாதிரி லினக்ஸ் வழங்கல்கள் ஏறக்குறைய எல்லாமே அதற்குள் லிப்ரேஆபிஸுக்கு மாறிவிட்டன.

ஆனால் ஒன்று. அந்தப் பிரிவு பிழைத்ததற்குக் காரணம் மனவலிமை மட்டும் இல்லை. நாவெல், ரெட் ஹேட் கம்பெனிகளில் சம்பளம் வாங்கிக்கொண்டு அந்த நிரலில் கை வைத்த ஆட்கள் ஏற்கெனவே இருந்தார்கள். 2013-ல் சூசே தன் லிப்ரேஆபிஸ் குழுவை விட்டுவிட்டபோதும் அந்த ஆட்கள் கூட்டமாகக் கொலாபராவுக்குப் போனார்கள். நிரல் திறந்திருந்தால் அதை யாராலும் பிடுங்க முடியாது என்பது உண்மை. அந்த நிரலைப் புரிந்துவைத்திருக்கும் பத்து இருபது பேருக்கு அடுத்த மாதம் சம்பளம் எங்கிருந்து வரும் என்பதற்கு உரிமத்தில் பதில் கிடையாது.

கேடிஈ முழுக்க க்யூட்டி மேல்தான் நிற்கிறது. க்யூட்டியோ ஒரு கம்பெனியின் பொருள். ஆபத்து இல்லையா?

ஆபத்துதான், அது 1996-ல் கேடிஈ ஆரம்பித்த நாளிலிருந்தே இருக்கிறது. க்யூட்டியின் உரிமம் அப்போது முழுக்கக் கட்டற்றதாக இல்லை என்ற கோபத்தில்தான் 1997-ல் ஜினோமே பிறந்தது.

கேடிஈக்காரர்கள் செய்த புத்திசாலித்தனமான காரியம் 1998-ல் நடந்தது. ட்ரோல்டெக்கோடு சேர்ந்து கேடிஈ ஃப்ரீ க்யூட்டி ஃபவுண்டேஷன் என்று ஒன்றை ஏற்படுத்தி ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். க்யூட்டியின் கட்டற்ற பதிப்பு 12 மாதத்துக்குள் வெளிவராமல் போனால், அதை பிஎஸ்டி மாதிரித் தளர்வான உரிமத்தில் வெளியிடும் உரிமை அந்த ஃபவுண்டேஷனுக்கு வந்துவிடும். அப்படி வெளியானால் க்யூட்டி விற்றுப் பிழைக்கும் கம்பெனியின் வியாபாரம் படுத்துவிடும் என்பதால் ஒப்பந்தத்தை மீற யாருக்கும் மனசு வராது. ட்ரோல்டெக்கிடமிருந்து நோக்கியா, டிஜியா, இப்போது க்யூட்டி கம்பெனி என்று கை மாறியபோதெல்லாம் இந்த ஒப்பந்தமும் கூடவே போனது. 2020-ல் நீண்டகால ஆதரவுப் பதிப்புகள் இனிக் காசு கட்டுபவர்களுக்கு மட்டும் என்று க்யூட்டி கம்பெனி அறிவித்தது. வெளியீடுகளையே 12 மாதம் தாமதப்படுத்தும் யோசனை இருக்கிறது என்று அந்த ஏப்ரலில் கேடிஈ பக்கம் சொல்லப்போய் பெரிய ரகளை ஆனது. கம்பெனி அப்படித் திட்டம் இல்லை என்று பின்வாங்கியது. அந்த 12 மாதம் என்ற எண் எங்கிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்பான்சரோடு நல்லுறவு இருக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். சண்டை வந்த பிறகு எந்த வக்கீலும் உதவ முடியாது.

கூகுள் ஃபயர்ஃபாக்ஸுக்குக் கொடுப்பதும் ஸ்பான்சர்ஷிப்தானே?

இல்லை, அது தேடுபொறி இடத்துக்கான வாடகை. ஆனால் சார்ந்திருப்பதன் விளைவு ஒன்றுதான், சொல்லப்போனால் மோசம். ஃபயர்ஃபாக்ஸ் சம்பாதிப்பதில் சுமார் 85 சதவீதம் கூகுள் ஒப்பந்தத்திலிருந்து வருகிறது என்று, அதை உருவாக்கும் மொஸில்லாவின் நிதி அதிகாரியே 2025 மே மாதம் அமெரிக்க நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். கூகுளின் ஏகபோகத்தை உடைக்கும் வழக்கில், கூகுளின் பணத்தை நிறுத்தாதீர்கள் என்று அதன் போட்டியாளர் கெஞ்ச வேண்டிய நிலை. செப்டம்பரில் வந்த தீர்ப்பு அந்தப் பணத்துக்குத் தடை போடவில்லை என்பதால் தப்பித்தார்கள்.

விளம்பரம், கமிஷன் என்று மென்பொருளே சம்பாதிக்கக் கூடாதா?

கூடாது என்று சட்டமில்லை, செய்தவர்கள் சூடு பட்டிருக்கிறார்கள். உபுண்டு 12.10-ல் நீங்கள் உங்கள் கணினியில் ஒரு கோப்பைத் தேடினாலும் அந்தத் தேடல் வெளியே போய் அமேசான் பொருள்களைக் கொண்டுவந்து காட்டியது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ஸ்டால்மன் இதை உளவு மென்பொருள் என்றே சொன்னார். 16.04-ல்தான் இயல்பாக அணைத்து வைத்தார்கள்.

அதற்கு முந்தைய பான்ஷீ விவகாரம் இன்னும் சுவாரசியம். பான்ஷீ ஒரு பாட்டுக் கேட்கும் மென்பொருள், அதற்குள்ளிருந்தே அமேசானில் பாட்டு வாங்கலாம், அதில் வரும் கமிஷன் முழுவதையும் அதை எழுதியவர்கள் ஜினோம் அறக்கட்டளைக்கு விட்டுக்கொடுத்திருந்தார்கள். 2011-ல் உபுண்டுவில் அது இடம்பெறப் போனபோது கனோனிக்கல் 75 சதவீதம் தனக்கு, 25 சதவீதம் ஜினோமுக்கு என்று மாற்றியது. உரிமப்படி இதில் தப்பே இல்லை, நிரலை யாரும் மாற்றிக்கொள்ளலாம். ஆனாலும் நன்கொடையாக விட்ட பணத்தில் வழியில் நின்று முக்கால் பங்கு எடுத்துக்கொள்வது என் கண்ணுக்கு நன்றாகத் தெரியவில்லை.

கம்பெனிகளே வேண்டாம், பயன்படுத்துகிறவர்கள் காசிலேயே ஓட்ட முடியாதா?

சில இடங்களில் முடிகிறது. தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளை 2012-ல் மொஸில்லா ஏறக்குறைய ஓரங்கட்டிவிட்டது. இன்று அது முழுக்கப் பயனர் நன்கொடையில் ஓடுகிறது, 2022-ல் 64 லட்சம் டாலர், 2023-ல் 86 லட்சம் டாலர் வந்தது. எப்படி என்றால், மென்பொருளுக்குள்ளேயே ஒரு பக்கத்தைத் திறந்து மரியாதையாகக் கேட்டார்கள். அவ்வளவு நாள் இணையத்தளத்தின் மூலையில் கிடந்த நன்கொடைப் பொத்தானை யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான் விஷயம். கேடிஈயும் பிளாஸ்மா 6.2-லிருந்து வருஷத்துக்கு ஒருமுறை, டிசம்பரில், ஒரு சின்ன அறிவிப்பு காட்டுகிறது. லினக்ஸில் விளம்பரமா என்று குதித்தவர்கள் உண்டு, நன்கொடையும் நன்றாகவே வந்தது. படம் வரையும் மென்பொருளான கிரிட்டா வேறு வழி பிடித்தது. அவர்கள் தளத்தில் இலவசம், ஸ்டீமிலும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலும் விலைக்கு. அதே மென்பொருள்தான், தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதிக்கும் மனத் திருப்திக்கும் ஓவியர்கள் காசு கொடுக்கிறார்கள்.

எல்லோருக்கும் இது ஒத்துவராது. தண்டர்பேர்டும் கிரிட்டாவும் கண்ணுக்குத் தெரிகிற பொருள்கள். எழுத்துருவைக் கோக்கும் நூலகத்துக்கோ புளூடூத் பின்னணிச் சேவைக்கோ யார் பாப்-அப் காட்டுவது? அந்த மட்டத்தில் கம்பெனியோ அரசோதான் கதி.

பெரிய நிறுவனங்கள் சும்மா எடுத்துப் பயன்படுத்துகின்றனவே, அதைத் தடுக்க முடியாதா?

உரிமத்தால் முடியாது, வெட்கப்பட வைத்துப் பார்க்கலாம். 2020-ல் லிப்ரேஆபிஸ் 7.0-க்கான சோதனைப் பதிப்பில் "தனிநபர் பதிப்பு" என்று ஒரு வரி வந்தது, ஆயிரக்கணக்கான கணினிகளில் போடுகிறவர்கள் ஆதரவு விற்கும் கம்பெனிகளிடம் வாங்கட்டும் என்ற எண்ணத்தில். அதையே பலர், இனி ஆபீஸில் பயன்படுத்தினால் காசு கேட்பார்கள் போல என்று புரிந்துகொண்டு பதறினார்கள். கடைசியில் அந்த வார்த்தை போய், 7.1-ல் "சமூகப் பதிப்பு" என்று வந்தது. அதைப் பார்த்து எத்தனை ஆபீஸ்கள் மனம் மாறியிருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

தமிழுக்கு இதனால் ஏதாவது உண்டா?

நிறைய. மெனுக்களைத் தமிழாக்கியது பெரும்பாலும் தன்னார்வலர்கள், கேடிஈயில் அந்த வேலை 2000 வாக்கிலேயே தொடங்கிவிட்டது. ஆனால் அந்தத் தமிழ் திரையில் ஒழுங்காகத் தெரிய வேண்டுமே. "கொ" என்று அடித்தால் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் போய் உட்கார வேண்டும், அதைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற நூலகம். அதை முன்னின்று எழுதிய பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் ரெட் ஹேட்டிலும் பிறகு கூகுளிலும் சம்பளத்தில் இருந்தவர். ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஜினோம், லிப்ரேஆபிஸ் எல்லாவற்றிலும் நீங்கள் படிக்கும் தமிழ் அதன் வழியாகத்தான் வருகிறது, லிப்ரேஆபிஸ் 5.3-லிருந்து விண்டோஸிலும் அதேதான். லோஹித் தமிழ் எழுத்துருவைக் கட்டற்றதாக வெளியிட்டது ரெட் ஹேட், நோட்டோ தமிழைக் கொடுத்தது கூகுள். தமிழ்ப் பற்றினால் செய்யவில்லை, இந்தியச் சந்தைக்காகச் செய்தார்கள். செய்தது செய்ததுதான், அந்த எழுத்துருக்களைத் திரும்பப் பிடுங்க இனி யாராலும் முடியாது.

எழுத்துப்பிழைத் திருத்தி, இலக்கணச் சரிபார்ப்பு என்று வந்தால் நிலைமை அவ்வளவு சுகமில்லை. இங்கே சம்பளம் கொடுத்து ஆள் வைக்கும் கம்பெனியும் இல்லை, கேட்டு நச்சரிக்கும் வாடிக்கையாளரும் இல்லை.

எங்கள் கம்பெனி சென்னையில் இருக்கிறது, உதவ நினைக்கிறோம். சிஎஸ்ஆர் (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு) பணத்தைக் கொடுக்கலாமா?

பெர்லினில் இருக்கும் சங்கத்துக்குக் கொடுத்தால் அது சிஎஸ்ஆர் கணக்கில் வராது. சராசரி லாபத்தில் 2 சதவீதம் என்ற அந்தக் கடமை இந்தியாவுக்குள் செய்யும் செலவுக்குத்தான் பொருந்தும். வெளிநாட்டு அறக்கட்டளைக்கு அனுப்புவதென்றால் சாதாரணச் செலவாக எழுதி, வங்கிப் படிவங்களோடு கொஞ்சம் மல்லுக்கட்டி அனுப்ப வேண்டும், ஆடிட்டரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். பெங்களூரின் பங்குத் தரகு நிறுவனமான ஸெரோதா 2024 அக்டோபரில் திறந்த மூலத் திட்டங்களுக்கு வருஷம் 10 லட்சம் டாலர் என்று ஃப்ளாஸ் ஃபண்ட் ஆரம்பித்திருக்கிறது. இந்தியக் கம்பெனியால் முடியும் என்பதற்கு அது ஒன்று போதும்.

பணத்தைவிட எளிதான வழியும் இருக்கிறது. உங்கள் ஆட்கள் லிப்ரேஆபிஸிலோ ஜினோமிலோ ஏதாவது பக்கைச் சரிசெய்து உங்கள் ஆபீஸுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தால், அதை மூலத் திட்டத்துக்கு அனுப்ப அவர்களுக்கு வேலை நேரத்தில் அனுமதி கொடுங்கள். எழுத்தில் கொடுங்கள், ஏனென்றால் பல வேலை ஒப்பந்தங்களில் நீ எழுதும் எல்லா நிரலும் கம்பெனிக்குச் சொந்தம் என்று இருக்கும், அதைப் பார்த்துப் பயந்தே நல்ல பேட்ச்கள் பல வெளியே வராமல் கிடக்கின்றன.

எங்களுக்கு ஒரு குறிப்பிட்ட வசதி வேண்டும். இவ்வளவு தருகிறோம் என்று அறிவித்தால் யாராவது செய்து தருவார்களா?

பொதுவில் பரிசுத்தொகை அறிவிப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். தொகைக்காக வெளியிலிருந்து ஒருவர் எழுதிக்கொண்டுவருவார், அதைப் படித்துத் திருத்த வேண்டிய பராமரிப்பாளருக்கு ஒரு பைசா வராது, அவர் மூன்று மாதம் தொடாமல் வைத்திருப்பார், நீங்கள் அவரைத் திட்டுவீர்கள். லிப்ரேஆபிஸ் என்றால் கொலாபராவிடமும், க்யூட்டி, கேடிஈ பக்கம் என்றால் கேடிஏபியிடமும் விலை கேளுங்கள். ஏற்றுக்கொள்ளப்பட்ட பிறகு வரும் இரண்டு வெளியீடுகளில் அந்த வசதியைப் பராமரிக்கும் செலவையும் சேர்த்தே கேளுங்கள். முதலில் தலை சுற்றும் தொகையாகத்தான் இருக்கும், வருஷ உரிமத்துக்கு இப்போது நீங்கள் கட்டுவதைப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாருங்கள்.